ஓட்டையில நுழைஞ்சா மட்டும் போதுமா? ஃப்ளாப்பி காலத்து குடுமிப்பிடி

போன மாசம் ஊர்ல வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு பரண்ல கெடந்த சாமானையெல்லாம் இறக்குனப்ப ஒரு பழைய பிஸ்கட் டின் கெடச்சுது. தொறந்தா உள்ள பதினோரு ஃப்ளாப்பி, அதாவது பென் ட்ரைவுக்கு முந்தின காலத்துல ஃபைல் சேவ் பண்ணுன காந்தத் தகடு. ஒன்பது அஞ்சேகால் இன்ச், ரெண்டு மூணரை இன்ச். அஞ்சேகால்ல ஒண்ணு மேல நீல இங்க்ல "ப்ராஜெக்ட், ஃபைனல், அழிக்காதே"ன்னு என் கையெழுத்து. பாத்ததும் பாசம் வரும்னு நெனப்பீங்க, எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு.

1992. காலேஜ் லேப்ல இருந்ததெல்லாம் எக்ஸ்டின்னு சொல்ற பழைய மாடல் ஐபிஎம் பிசி ரக மெஷின், 360 கேபி ட்ரைவ். லேப்ல டைம் கெடைக்காதுன்னு நான் ரிப்போர்ட் அடிச்சது வெளிய ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாடியில, செருப்ப வாசல்ல கழட்டிட்டு கால் ஜில்லுன்னு ஏசி ரூமுக்குள்ள போகணும், அங்க இருந்தது அதுக்கு அடுத்த தலைமுறை ஏடி மெஷின், 1.2 எம்பி ட்ரைவ். வேர்ட்ஸ்டார்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேர்ல அடிச்சு, காலேஜ்ல ஏற்கனவே யூஸ் பண்ணிட்டிருந்த ஒரு 360 கேபி டிஸ்க்ல சேவ் பண்ணி, அங்கயே மறுபடி தொறந்து பாத்து, எல்லாம் இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு, ரெண்டு நோட்டுக்கு நடுவுல வச்சு பஸ்ல எடுத்துட்டு போனேன். காலேஜ்ல போட்டா கர்ர்... கர்ர்ர்... அப்புறம் ஸ்க்ரீன்ல படிக்க முடியலங்கற எர்ரர், அபார்ட், ரீட்ரை, ஃபெயில். ரீட்ரைய எத்தன தடவ அமுக்குனேன்னு கணக்கே இல்ல. "தம்பி, வெயில்ல வச்சிருப்பீங்க"ன்னாரு லேப் அசிஸ்டெண்ட். திரும்ப சென்டருக்கு ஓடிப்போய் போட்டா அழகா படிக்குது! மறுபடி சேவ் பண்ணி எடுத்துட்டு வந்தா மறுபடி கர்ர்ர். மூணு நாள் இப்படியே அலைஞ்சு, கடைசியில டாட் மேட்ரிக்ஸ்ல ப்ரிண்ட் மட்டும் எடுத்து குடுத்தேன், டிஸ்க் குடுக்கலன்னு மார்க்ல கைய வச்சுட்டாங்க.

வெயில் இல்லங்க காரணம். ரெண்டும் அஞ்சேகால் இன்ச் ட்ரைவ்தான், ஒரே டிஸ்க்தான், ஒரே டாஸ் ஓஎஸ்தான். ஆனாலும் படிக்கல. ஃப்ளாப்பி சண்டைன்னாலே எல்லாரும் எட்டு இன்ச், அஞ்சேகால், மூணரைன்னு சைஸ் கதையதான் சொல்லுவாங்க, உண்மையான கூத்து ஒரே சைஸுக்குள்ள நடந்ததுதான்னு எனக்கு பல வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது.

முதல்லருந்து வரேன். ஃப்ளாப்பி பொறந்தது ஐபிஎம்மோட சான் ஹோசே லேப்ல, 1967ல வேலைய ஆரம்பிச்சு 1971ல வெளிய வந்துச்சு. எட்டு இன்ச், சுமார் 80 கேபி, அதுவும் படிக்க மட்டும்தான் முடியும். சிஸ்டம் 370 மெயின்ஃப்ரேம ஆன் பண்றப்ப அதோட மைக்ரோகோட, அதாவது ப்ராசசருக்குள்ள ஓடற அடிப்படை ப்ரோக்ராம, ஏத்தறதுக்கும், அந்த மைக்ரோகோட்ல திருத்தம் வந்தா தபால்ல கஸ்டமருக்கு அனுப்பறதுக்கும்தான் இத கண்டுபிடிச்சாங்க, யாரும் இதுல ஃபைல் வச்சுக்கணும்னு நெனைக்கல. 1973ல பஞ்ச் கார்டுக்கு பதிலா 3740ன்னு ஒரு டேட்டா என்ட்ரி சிஸ்டம் விட்டாங்க, அதுலதான் எழுதவும் முடிஞ்சுது. டிஸ்க்ல வட்ட வட்டமா 77 ட்ராக், ஒவ்வொரு ட்ராக்கையும் துண்டு போட்டா 26 செக்டார், செக்டாருக்கு 128 பைட். இந்த ஒரு ஃபார்மேட்டதான் ஊரே ஒத்துக்கிச்சு. பின்னாடி சிபிஎம்ங்கற ஓஎஸ் வந்தப்ப கூட சாஃப்ட்வேர் விக்கறவன் சிங்கிள் டென்சிட்டின்னு சொன்ன இந்த எட்டு இன்ச் ஃபார்மேட்ல குடுத்தா எவன் மெஷின்லயும் ஓடும்ங்கற நெலம இருந்துச்சு. அவ்வளவுதான், நிம்மதி அதோட முடிஞ்சுது.

1976ல ஷுகார்ட் அசோசியேட்ஸ் எஸ்ஏ 400ங்கற அஞ்சேகால் இன்ச் ட்ரைவ விட்டாங்க, 390 டாலர். எட்டு இன்ச் ட்ரைவ் மேசை மேல வைக்க ரொம்ப பெருசா இருக்கு, செலவும் ஜாஸ்தின்னு வாங்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க சொன்னதுல இருந்து வந்தது. பாஸ்டன்ல ஒரு பார்ல உக்காந்து பேசும்போது எவ்வளவு பெருசு வேணும்னு கேட்டதுக்கு மேசையில இருந்த பேப்பர் நாப்கின காட்டுனாங்கன்னு ஒரு கதை சுத்துது, எவ்வளவு தூரம் நெஜமோ. கம்பெனி பேர் ஷுகார்ட், ஆனா அத ஆரம்பிச்ச ஆலன் ஷுகார்ட் அதுக்கு முன்னாடியே கம்பெனிய விட்டு போயாச்சு, அது தனிக்கதை.

இங்க ஒரு விஷயத்த கவனிக்கணும், கூத்துக்கெல்லாம் மூலகாரணம் இதுதான். அந்த ட்ரைவுக்கு பைட்டுன்னா என்னன்னே தெரியாது. டேப் ரெக்கார்டர் மாதிரிதான் அது, மோட்டார சுத்து, ஹெட்ட உள்ள நகத்து, காந்தம் மாறுற எடத்துல ஒரு பல்ஸ் அனுப்பு, அவ்வளவுதான் அதுக்கு தெரிஞ்ச வேலை. அந்த பல்ஸ எப்படி பிட்டா மாத்தறது, ட்ராக்குக்கு எத்தன செக்டார் போடறது, டைரக்டரிய எந்த ட்ராக்ல வைக்கறது, இதெல்லாம் ட்ரைவ கம்ப்யூட்டரோட இணைக்கற கண்ட்ரோலர் போர்டு செய்யறவன் இஷ்டம். எஸ்ஏ 400 எல்லாருக்கும் கெடைச்சுது, கண்ட்ரோலர ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சாங்க. மளிகைக்கடை நோட்டு எல்லா கடையிலயும் ஒண்ணுதான், ஆனா உள்ள ஒவ்வொரு அண்ணாச்சியும் கணக்கு எழுதற முறை வேற, பக்கத்து கடைக்காரன் தொறந்து பாத்தா தலைகால் புரியாதுல்ல, அந்த மாதிரி.

செக்டார் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுலயே ரெண்டு கட்சி. அஞ்சேகால் டிஸ்க்ல நடு ஓட்டைக்கு பக்கத்துல ஒரு குட்டி ஓட்டை இருக்கும், ஞாபகம் இருக்கா? உறைக்குள்ள ரெண்டு விரல விட்டு மெதுவா சுத்துனா ஒரு சுத்துக்கு ஒரே ஒரு தடவ வெளிச்சம் தெரிஞ்சா அது சாஃப்ட் செக்டார், பத்து செக்டாருக்கு பத்தும் கூட ஒண்ணுமா பதினோரு தடவ தெரிஞ்சா ஹார்ட் செக்டார். நார்த் ஸ்டார் மாதிரி கம்பெனிங்க ஹார்ட் செக்டார். கடையில மாத்தி வாங்கிட்டு வந்துட்டா அந்த டிஸ்க் உங்களுக்கு தூக்கிப்போடத்தான் லாயக்கு.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஆப்பிள் 2 கம்ப்யூட்டரோட டிஸ்க் 2 ட்ரைவ் கதை. 1978 ஜனவரில லாஸ் வேகஸ்ல ஒரு கண்காட்சி, அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸ் லீவுல உக்காந்து ஆப்பிள ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்டீவ் வாஸ்னியாக் அதோட கண்ட்ரோலர முடிச்சாரு. மத்தவங்க கண்ட்ரோலர்ல சிப்பா ரொப்பி வச்சிருந்தாங்க, இவரு விரல் விட்டு எண்ணுற அளவு சிப்ல முடிச்சுட்டாரு. எப்படின்னா ஹார்ட்வேர் செய்யற வேலையில பாதிய சாஃப்ட்வேர் தலையில கட்டிட்டாரு. ஷுகார்ட்கிட்ட ட்ரைவ் வாங்கும்போதே உங்க எலக்ட்ரானிக்ஸ் பாதி எனக்கு வேணாம், மெக்கானிசம மட்டும் குடுங்கன்னு வாங்குனது. ஹெட் ஜீரோ ட்ராக்குக்கு வந்துடுச்சான்னு சொல்ற சென்சார் கூட கெடையாது. அப்ப எப்படி தெரியும்? தெரியாது! ஹெட்ட பின்னாடி போ போன்னு நாப்பது தடவ தள்ளுவாரு, அது தடுப்புல போய் டகடகடகன்னு முட்டும், முட்டி முடிச்சா கண்டிப்பா ஜீரோல இருக்கும்னு அர்த்தம். ஆப்பிள் 2 ஆன் பண்ணா வர்ற அந்த சத்தம் இதுதான், புதுசா பாக்கறவன் மெஷின் போச்சுன்னே பயந்துடுவான். முதல்ல 35 ட்ராக், 13 செக்டார், 113 கேபி சொச்சம். 1980ல ஆப்பிளோட சொந்த டாஸ் 3.3 வந்தப்ப பைட்டுக்குள்ள பிட்ட அடைக்கற முறைய மாத்தி அதே டிஸ்க்ல 16 செக்டார், 140 கேபின்னு ஏத்திட்டாங்க, ஆனா அதுக்கு கண்ட்ரோலர் கார்டுல ரெண்டு சிப்ப கழட்டி மாத்தணும், மாத்துனா பழைய 13 செக்டார் டிஸ்க் நேரா பூட் ஆகாது. ஒரே கம்பெனி, ஒரே ட்ரைவ், ரெண்டே வருஷம்.

கமடோர் கம்பெனியோட 1541 ட்ரைவ் இன்னொரு தினுசு. ட்ரைவுக்குள்ளயே தனியா ஒரு 6502 ப்ராசசர், 2 கேபி ரேம், அதாவது டிஸ்க் ட்ரைவே ஒரு முழு கம்ப்யூட்டர். வெளிப்பக்க ட்ராக் நீளமா இருக்கே, அதுல ஏன் எடத்த வீணாக்கணும்னு வெளிய 21 செக்டார், உள்ள போகப்போக 17ன்னு போட்டு 170 கேபி அடைச்சாங்க. நல்ல யோசனைதான். ஆனா கம்ப்யூட்டருக்கு டேட்டா போற வயர்ல நொடிக்கு நானூறு பைட் சொச்சம்தான் போகும், கேம் லோட் ஆகறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

சிபிஎம் ஆளுங்க பாடுதான் பரிதாபம். எல்லா மெஷின்லயும் ஒரே ஓஎஸ், பெரும்பாலும் ஒரே ஜெட் 80 ப்ராசசர், ப்ரோக்ராம் அப்படியே ஓடும், ஆனா டிஸ்க்கு மட்டும் ஒத்துக்காது. ஆஸ்போர்ன் 1 கிட்டத்தட்ட 100 கேபி, கேப்ரோ 2 கிட்டத்தட்ட 200 கேபி, ரெண்டும் சூட்கேஸ் மாதிரி தூக்கிட்டு போற மெஷின், ரெண்டும் அஞ்சேகால், ஒருத்தர் டிஸ்க்க இன்னொருத்தர் ட்ரைவ் சும்மா போட்டா படிக்காது. சாஃப்ட்வேர் விளம்பரத்துல விலைக்கு பக்கத்துல உங்க டிஸ்க் ஃபார்மேட் என்னன்னு சொல்லி ஆர்டர் பண்ணுங்கன்னு போட்டிருப்பான். அடுத்தவன் ஃபார்மேட்ட படிக்கறதுக்குன்னே யூனிஃபார்ம்னு ஒரு ப்ரோக்ராம காசுக்கு வித்தாங்க. எல்லாத்துக்கும் மேல டெக் கம்பெனியோட ரெயின்போ கம்ப்யூட்டர், 1982. ஆர்எக்ஸ் 50ன்னு ஒரு ட்ரைவ், ஒரே பொட்டில ரெண்டு டிஸ்க், கீழ் டிஸ்க்க தலைகீழா திருப்பி சொருகணும். அதுகூட போகட்டும், காலி டிஸ்க்க ஃபார்மேட் பண்ற ப்ரோக்ராமையே முதல்ல குடுக்கல, ஃபார்மேட் பண்ணி வச்ச டிஸ்க்க அவங்ககிட்டயே வாங்கிக்கணுமாம். வெத்துப் பேப்பர் வாங்கறதுக்கு கூட பேனா கம்பெனிகிட்ட கையேந்தணும்னா எவன் வாங்குவான்.

இந்த சந்தக்கடைக்குள்ளதான் 1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் பிசி வருது. அவங்க ஃபார்மேட் ஒண்ணும் ஒசத்தி இல்ல, ஒரு பக்கம், 40 ட்ராக், 8 செக்டார், 160 கேபி. கமடோர்காரன் அதவிட ஜாஸ்தி அடைச்சான், விக்டர் 9000ங்கற மெஷின்ல மோட்டார் வேகத்தையே மாத்தி மாத்தி ஓட்டி ஒரு பக்கத்துலயே 600 கேபி எழுதுனாங்க. ஆனாலும் ஊர் உலகம் ஐபிஎம் காப்பி மெஷினா செஞ்சு தள்ளுனதுல ஐபிஎம் எழுதுனதே சட்டமாயிடுச்சு. ரெண்டு பக்கமும் எழுதி 320, டாஸ் 2.0ல ஒன்பது செக்டாராக்கி 360. 1984ல ஏடி மெஷினோட 1.2 எம்பி.

இப்ப என் ப்ராஜெக்ட்டுக்கு வரேன். 360 ட்ரைவ்ல ஒரு பக்கத்துக்கு 40 ட்ராக், 1.2ல அதே எடத்துல 80 ட்ராக், அதனால 1.2 ட்ரைவோட ஹெட் பாதி அகலம்தான். பழைய டிஸ்க்க படிக்கணும்னா ஒரு ட்ராக் விட்டு ஒரு ட்ராக் தாண்டிப் போகும், படிக்கறதுல எந்த தகராறும் இல்ல. எழுதும்போதுதான் வெனை. சுவர்ல ஒரு கட்சிக்காரன் ஒரு அடி அகலத்துக்கு பட்டையா பேர் எழுதிட்டு போறான்னு வைங்க, அடுத்த எலக்ஷன்ல இன்னொருத்தன் வந்து அதே சுவத்துல சுண்ணாம்பு அடிக்காம அரை அடி பிரஷ்ல நடுவுல மட்டும் தன் பேர எழுதுனா மேலயும் கீழயும் பழைய எழுத்தோட ஓரம் நீட்டிட்டு இருக்கும்ல? என் டிஸ்க்ல நடந்தது அதேதான். காலேஜ் எக்ஸ்டி எழுதுன அகல ட்ராக்குக்கு நடுவுல சென்டர் ஏடி ஒல்லியா எழுதிருச்சு. சென்டர் ட்ரைவோட ஒல்லி ஹெட் நடுவ மட்டும் பாக்குது, அதுக்கு எல்லாம் சுத்தம். காலேஜ் ட்ரைவோட அகல ஹெட்டுக்கு பழசும் புதுசும் சேந்தே கேக்குது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல காதுல கத்துன மாதிரி. பிரிக்காத புது டிஸ்க் ஒண்ண வாங்கி சென்டர்லயே 360ஆ ஃபார்மேட் பண்ணி எழுதியிருந்தா ஓரத்துல ஒண்ணும் இருக்காது, அனேகமா படிச்சிருக்கும். புது டிஸ்க் வாங்க காச மிச்சம் புடிச்ச புத்திசாலி நான்.

இது ஒரு பக்கம் ஓடிட்டிருக்கப்பவே சட்டைப் பையில போற சைஸுக்கு யாரு ராஜான்னு அடுத்த சண்டை. சோனி 1981ல மூணரை இன்ச்ச இறக்குனாங்க, கெட்டி ப்ளாஸ்டிக் கூடு. ஹிட்டாச்சியும் மட்சுஷிடாவும் மாக்செல்லும் சேந்து மூணு இன்ச். டைசன் கம்பெனி ஆதரவோட டேபர் மூணேகால் இன்ச், அது அஞ்சேகாலையே சின்னதாக்குன மாதிரி வளையற உறை. நடுவுல ஐபிஎம் வந்து 1983ல நாலு இன்ச்னு ஒண்ண விட்டுச்சு, யாரும் திரும்பிக்கூட பாக்கல. இதுல சோனியோட முதல் டிஸ்க்ல இப்ப நமக்கு தெரிஞ்ச ஆட்டோமேடிக் ஷட்டரே கெடையாது. அப்புறம் வந்ததுலயும் ஷட்டர கையாலதான் தொறக்கணும், மூடறதுக்கு மூலையில ஒரு அம்பு போட்டு பிஞ்ச்னு எழுதியிருக்கும், அங்க கிள்ளுனா டப்புன்னு மூடிக்கும். 1982ல டிஸ்க் தயாரிக்கற கம்பெனிங்க இருபதுக்கும் மேல ஒண்ணா கூடி கமிட்டி போட்டு, சோனிதே அடிப்படையா இருக்கட்டும், ஆனா ஷட்டர் தானா தொறக்கணும், இன்னும் சிலது மாறணும்னு கேக்க, சோனியும் இறங்கி வந்து மாத்துச்சு. என்னைக் கேட்டா சோனி ஜெயிச்சது அந்த எடத்துலதான். தன் சரக்குல அடுத்தவன் கை வைக்க விட்டான் பாருங்க.

மேல ஆப்பிள் வேற. 1983ல லிசாங்கற தன் கம்ப்யூட்டருக்காக ட்விக்கின்னு சொந்தமா ஒரு அஞ்சேகால் ட்ரைவ் செஞ்சாங்க, 871 கேபி, டிஸ்க் உறையில எதிரெதிர் பக்கம் ஜன்னல், வேற எவன் டிஸ்க்கும் ஒத்துக்காது, எர்ரரோ எர்ரர். மேக்குக்கும் இதேதான்னு இருந்தப்ப டீம்ல ஆளுங்களுக்கு வயித்த கலக்கிடுச்சு. ஸ்டீவ் ஜாப்ஸ் வேற ஒரு ஜப்பான் கம்பெனிய வச்சு புதுசா செய்யலாம்னு முடிவு பண்ணியிருக்க, அவருக்கு தெரியாம சோனியோடயும் வேலைய ஓட்டிட்டிருந்தாங்க. ஒரு நாள் சோனி இன்ஜினியர் ஆபீஸ்ல இருக்கறப்ப ஜாப்ஸ் திடீர்னு வந்துட்டாரு, பாவம் அந்த மனுஷன துடைப்பம் வைக்கற ரூம்ல தள்ளி ஒளிச்சு வச்சாங்கன்னு மேக் டீம்காரங்களே சொல்லியிருக்காங்க. கடைசியில அந்த இன்னொரு கம்பெனி ட்ரைவ் நேரத்துக்கு வராதுன்னு ஆனப்ப சோனிதான் காப்பாத்துச்சு, 1984 ஜனவரில மேக் மூணரை இன்ச்சோட வந்துச்சு. மூணு இன்ச் உடனே சாகல, இங்கிலாந்துல ஆம்ஸ்ட்ராட் அத புடிச்சுக்கிட்டு 1987 ஸ்பெக்ட்ரம் ப்ளஸ் 3 வரைக்கும் ஓட்டுனாங்க. மூணேகால் போன எடம் தெரியல.

சரி, சைஸ் ஒண்ணாச்சு, இனி நிம்மதியான்னா அதுதான் இல்ல. அதே மூணரை, அதே டபுள் டென்சிட்டி டிஸ்க்கு: பிசியும் அட்டாரி எஸ்டியும் 720 கேபி, அமிகா ட்ராக் முழுசையும் ஒரே மூச்சுல எழுதி இடைவெளிய கொறச்சு 880, மேக் மோட்டார் வேகத்த மாத்தி மாத்தி 800. மேக் எழுதுனத சாதாரண பிசி ட்ரைவ் படிக்கவே படிக்காது, 1988ல ஆப்பிள் 1.44 ட்ரைவுக்கு மாறுன பிறகுதான் ஒரு வழிக்கு வந்துச்சு. ஜப்பான்ல என்இசி பிசி 98 இன்னும் வேடிக்கை, மூணரை டிஸ்க்க 360 ஆர்பிஎம்ல சுத்தி 77 ட்ராக் எழுதுச்சு. 77 எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? எட்டு இன்ச் ட்ராக் கணக்குதான், உடம்பு மாறுனாலும் ஆவி போகல.

1.44 எம்பிங்கறதே பொய் கணக்கு, தெரியுமா? மொத்தம் 14,74,560 பைட், அதாவது 1440 கேபி. கேபிக்கு 1024ஆல வகுத்துட்டு எம்பிக்கு 1000ஆல வகுத்தா வர்ற நம்பர் அது. இதெல்லாம் எவன் கேட்டான். ரைட் ப்ரொடெக்ட்லயும் இப்படித்தான், எட்டு இன்ச்ல ஓரத்து வெட்ட மேல ஸ்டிக்கர் ஒட்டுனாதான் எழுதலாம், அஞ்சேகால்ல ஸ்டிக்கர் ஒட்டுனா எழுத முடியாது, மூணரையில ஓட்டை தொறந்திருந்தா எழுத முடியாது. மூணுத்தையும் பாத்த ஆளுங்க எத்தன பேர் ஒட்டறதா எடுக்கறதான்னு குழம்பி முக்கியமானத அழிச்சிருப்பாங்களோ.

டின்னுக்கு வருவோம். இப்ப கடையில கெடைக்கற யுஎஸ்பி ஃப்ளாப்பி ட்ரைவ் மூணரைதான், அதுலயும் பிசி ஃபார்மேட்தான். அஞ்சேகாலுக்கு மச்சான் ஒருத்தன்கிட்ட ஒரு பழைய 1.2 எம்பி ட்ரைவ் இருந்துச்சு, அவன் எதையும் தூக்கிப்போடாத ஜாதி. அத க்ரீஸ்வீசல்னு ஒரு குட்டி போர்டுல மாட்டுனேன். அது எந்த ஃபார்மேட், எத்தன செக்டார்னு எதுவும் கேக்காது, காந்தம் மாறுற ஒவ்வொரு எடத்தையும் எத்தன நேர இடைவெளில மாறுச்சுன்னு அப்படியே பதிவு பண்ணிடும், அப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து நிதானமா பிரிச்சு மேஞ்சுக்கலாம். நாப்பது ட்ராக்கும் ஒரு எர்ரரும் இல்லாம பச்சையா வந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல பரண் சூட்டுல கெடந்த டிஸ்க்கு, இத போய் வெயில்ல கெட்டுச்சுன்னாரே மனுஷன்.

அப்படி எடுத்த டிஸ்க் நகல கம்ப்யூட்டர்ல மவுண்ட் பண்ணி ஃபைல தொறந்தேன். ஒவ்வொரு வார்த்தையிலயும் கடைசி எழுத்து மட்டும் கிறுக்கா இருக்கு, இங்கிலீஷ் 'the'ன்னு இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் கடைசில 'e'க்கு பதிலா தலையில வட்டம் வச்ச ஒரு 'a'. ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, வேர்ட்ஸ்டார் வார்த்தை முடியுதுங்கறதுக்கு அடையாளமா கடைசி எழுத்தோட எட்டாவது பிட்ட ஏத்தி வச்சுக்கும். டிஸ்க்கு நுழைஞ்சு, ட்ராக் படிச்சு, ஃபைலும் தொறந்து, அங்கயும் ஒருத்தன் தனக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். அந்த பிட்ட வெட்ட நாலு வரி பைத்தான் எழுதி ஓட்டுனதும் முழுசா வந்துச்சு, 41 பக்கம், டைட்டில் பேஜ்லயே ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட. ரெண்டாவது பக்கம் நன்றியுரை. அப்பா அம்மா, கைடு, எல்லாருக்கும் அப்புறம் கடைசி வரில, தேவையான சமயத்துல தொழில்நுட்ப ஆலோசனை குடுத்ததுக்காக லேப் அசிஸ்டெண்டுக்கு என் மனமார்ந்த நன்றின்னு அடிச்சு வச்சிருக்கேன்.